ராகு காலத்தை ஏமாற்றிய லேப்டாப்

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு என் லேப்டாப்பின் கடிகாரத்தை ஒன்பது ஐந்துக்குத் தள்ளி வைத்தேன். இதை இதுவரை இரண்டு பேரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதில் ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தது. இன்னொருவர் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை.

கொரோனாவால் ஆபீஸ் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்ட காலம் அது. இட ஒதுக்கீட்டுப் போராட்டமும் சூடாக இருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது எங்கேயாவது மறியல் இருக்கும். சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒன்றே கால் வயது மகளோடு ரிஷிவந்தியத்தில் கணவர் வீட்டுக்கு வந்திருந்தேன். வீடு மெயின் ரோட்டின் மேலேயே இருந்தது. கணவருக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு ஆலை லேபில் வேலை. அரவை சீசனில் அவரைப் பார்ப்பதைவிட அவர் சட்டையில் வரும் பாகு வாசனையைத்தான் அதிகம் பார்த்தேன். வீட்டில் இருந்தது நான், பாப்பா, அத்தை. அத்தை என்றால் மாமியார். பிறந்தது மணலூர்பேட்டை. எதையும் நேரம் பார்த்துத்தான் செய்வார். தலைக்கு எண்ணெய் வைப்பதற்கும்கூட ஒரு நேரம் உண்டு.

பிரசவ விடுப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. எங்கள் கம்பெனி இலவசமாகக் கிடைக்கும் ஒரு டேட்டாபேஸ் மென்பொருளை எடுத்து, அதில் சொந்தமாகச் சில மாற்றங்கள் செய்து பயன்படுத்திவந்தது. அதன் மூல நிரலை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது ஓடும் மென்பொருளாக மாற்றி, அதோடு வரும் டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். நூற்றுத் தொண்ணூறு சொச்சம் டெஸ்ட். அதில் ஒன்று தோற்றுக்கொண்டிருந்தது. தேதி எழுதாத வரிகளை மேலே அடுக்க வேண்டிய மென்பொருள், கீழே அடுக்கியது. திருத்த வேண்டியது ஒரே ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி. திங்கள் மாலை ஐந்து மணிக்குள் எல்லா டெஸ்டும் தேறிய அறிக்கையை அனுப்ப வேண்டும்.

"அனுப்ப முடியலேன்னா பரவால்ல, நம்ம சீனியர் ஒருத்தர்கிட்ட குடுத்துடலாம். உங்களுக்குக் கைக்குழந்தை வேற. கொஞ்ச நாள் மேனுவல் எழுதற பக்கம் இருங்க" என்று எங்கள் டீம் லீட் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். கனிவாகத்தான் சொன்னார். மேனுவல் எழுதப் போன பெண் யாரும் எங்கள் ஆபீஸில் திரும்பி வந்ததில்லை.

ஞாயிறு மாலை அத்தையிடம் சொன்னேன். "நாளைக்குக் காலைல புது வேலை ஒண்ணு ஆரம்பிக்கறேன் அத்த. பாப்பாவ கொஞ்சம் பாத்துக்குங்க."

புது வேலை என்று சொல்லியிருக்கவே கூடாது. வேலை என்று மட்டும் சொல்லியிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்.

"நாளைக்குத் திங்கக்கெழமயாச்சே. ஏழரையிலேர்ந்து ஒம்போது வரைக்கும் ராவு காலம். அது போவட்டும், அப்பறமா குந்து."

"ஏழு மணிக்கே ஆரம்பிச்சிடறேன் அத்த."

"ஆரம்பிச்சிட்டின்னா செரி."

ஆரம்பிக்க முடியவில்லை. பாப்பா ஆறே முக்காலுக்கே எழுந்து, கஞ்சியைத் துப்பி, என் தலையில் கொஞ்சம் தடவி, அதைக் கழுவி, உடை மாற்றி, நிமிர்ந்து பார்த்தால் ஏழு முப்பத்தைந்து. அத்தை எதிர்ச்சாரியில் பால் வாங்கப் போயிருந்தார். ஒன்பது மணி வரை காத்திருந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். மீறி உட்கார்ந்தால் அத்தை சண்டை போடமாட்டார். பாப்பாவை வாங்கிக்கொள்ளாமல் "எனுக்கு இடுப்பு வலிக்குதும்மா" என்று சொல்லிவிடுவார். அது சண்டையைவிட மோசம்.

சுவர்க் கடிகாரம் இரண்டு வாரமாக நின்று போயிருந்தது. அதன் பேட்டரி டிவி ரிமோட்டில் இருந்தது. தன் பட்டன் போனை அத்தை நம்பமாட்டார், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது வேறு ஏதோ வருஷத்துக்குப் போய்விடும். ஆக, அந்த வீட்டில் அப்போது மணி சொல்லக்கூடியவை என் போனும் என் லேப்டாப்பும்தான். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். லேப்டாப்பில் நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, ஒன்பது ஐந்து என்று தட்டினேன். வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். பரீட்சையில் காப்பி அடித்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் போல. அடித்ததில்லை, அதனால் தெரியாது.

அத்தை பால் சொம்போடு வந்தார்.

"மணி இன்னா ஆவுது?"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். "ஒம்போது அஞ்சு அத்த. ராகு காலம் முடிஞ்சிடுச்சி."

அவர் திரையைப் பார்த்தார். வாசலில் விழுந்த வெயிலைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார்.

"பால் வாங்கிக்கினு வர்றதுக்கு ஒன்றர மணி நேரமா ஆச்சி?"

"யார்கிட்டயாவது பேசிக்கினு நின்னிருப்பீங்க அத்த."

"யார்கிட்ட?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ம்" என்றார். ஒரே ஒரு ம். அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா, ஒங்கம்மாவுக்கு மணி ஒம்போதாம்" என்று உள்ளே போனார். அந்த 'ஆம்' விகுதியும் என் காதில் சரியாக விழவில்லை. நான் அதற்குள் கம்பைல் செய்ய ஆரம்பித்திருந்தேன்.

பழைய லேப்டாப், அரை மணி நேரம் எடுத்தது. வரி வரியாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று காலண்டர் கத்தியது. ஒன்பதரை மணி மீட்டிங் தொடங்கிவிட்டது என்றது. மற்ற நாள்களில் எங்கள் மீட்டிங் எட்டரைக்கு, திங்கள் மட்டும் ஒன்பதரைக்கு. சனி ஞாயிறுச் சோம்பல் தெளியட்டும் என்று லீட் இரக்கப்பட்டு அப்படி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். பதறிப் போய் லேப்டாப்போடு மொட்டை மாடிக்கு ஓடி இணைப்பைத் தட்டினால் ஒரு ஈ காக்கா இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது, உண்மையான மணி எட்டு ஐந்து.

எனக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. வேலைதான் ஆரம்பித்தாகிவிட்டதே, இனி எதற்குப் பொய்யான நேரம்? கம்பைல் முடிந்த கையோடு கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். யாரும் சொல்லாமல் நானாகவே திருந்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் ஓட்டத்தில் ஒரு டெஸ்ட் தோற்றது. அது தோற்கத்தான் வேண்டும், இன்னும் நான் கை வைக்கவில்லை. எட்டரைக்கு அந்த ஃபைலைத் திறந்து அந்த ஒரு வரியைத் திருத்தினேன். திருத்தியதைக் கம்பைல் செய்து உடனே டெஸ்டையும் ஓட்டும்படி ஒரே கட்டளையாகக் கொடுத்துவிட்டு, பாப்பாவின் மூக்கைத் துடைக்கப் போனேன். வந்து கடைசி வரியைப் பார்த்தேன். ஒன்று தோல்வி. அதே ஒன்று.

திரும்ப ஓட்டினேன். அதே.

ஒன்பது மணி தாண்டியதும் வாசலில் கோஷம் கிளம்பியது. அதுவரை டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பஸ் நின்றது, கரும்பு டிராக்டர்கள் நின்றன. கணவர் போன் செய்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் வழியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி பூரா கரும்பு லோடு. மதியானம் ஆயிடும் போல. நீ சாப்டியா?"

"நான் பெயில் ஆயிக்கினு இருக்கேன்."

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல. கரும்பு தின்னுங்க."

மீட்டிங்குக்கு மறுபடி மொட்டை மாடிக்குப் போனேன், அங்கேதான் நெட் ஒழுங்காக எடுக்கும். மேற்கே கல்வராயன் மலை தெளிவாகத் தெரியும் நாளில் நெட் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ராகு காலத்தைக் கேலி செய்த பெண் இப்படி ஒன்றை வைத்திருந்தாள் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு மலை மூட்டமாக இருந்தது.

"சரி பண்ணிட்டீங்களா?" என்றார் லீட்.

"பண்ணிட்டேன் சார். ஆனா இன்னும் தோக்குது."

"அப்ப சரி பண்ணலேன்னு அர்த்தம். பின்னாடி என்ன சத்தம்?"

"ரோடு மறியல் சார்."

"அடடா. நீங்க பதட்டப்படாதீங்க. அஞ்சு மணி வரைக்கும் பாருங்க. முடியலேன்னா நம்ம..."

அந்த சீனியர் கேமராவில் தலையாட்டினார். மறியலால்தான் என் டெஸ்ட் தோற்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டது போல் இருந்தது. நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டுமா என்று மாடிப்படி இறங்கும் வரை யோசித்தேன்.

அதன்பிறகு நான் சந்தேகப்படாத பொருள் இல்லை. வேறு ஏதாவது டேட்டாபேஸ் அதே கதவில் உட்கார்ந்து வழி மறிக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. டிஸ்க்கில் இடம் கம்மியா? பாப்பாவின் வீடியோக்களில் பாதியை அழித்தேன், அவள் முதன்முதலில் குப்புற விழுந்ததைத் தவிர. மெமரி போதவில்லையா? எல்லாவற்றையும் மூடினேன். மொழி அமைப்பு, நேர மண்டலம், எல்லாம் சரி. திருத்திய வரியை மட்டும் முப்பது முறை படித்தேன். அது சரியாகத்தான் இருந்தது. ஒரு புள்ளியைக்கூட மாற்றத் தேவையில்லாத அளவுக்குச் சரியாக இருந்தது. கம்பைல் கட்டளையைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். 'செய்வதற்கு ஒன்றும் இல்லை' என்று பதில் வந்தது. அந்த வீட்டில் அப்படிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

மதியம் போராட்டக்காரர்கள் கலைந்தார்கள், தேங்கிய கரும்பு வண்டிகள் கலையவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்கு மறுபடி உட்கார்ந்தேன். ஏழு முறை ஓட்டினேன். ஏழு முறையும் அதே ஒன்று தோற்றது. இரண்டே முக்காலுக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் அழுதேன், பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். படித்தது மறந்துவிட்டதா, பிள்ளை பெற்றால் மூளை குறையும் என்று யாரோ சொன்னது உண்மையா, மேனுவல் எழுதுவதும் ஒரு வேலைதானே, என்றெல்லாம் ஓடியது.

அத்தை வந்து எதிரில் குந்தினார். கையில் முருங்கைக்கீரைக் கொத்து.

"இன்னா, பொட்டி இன்னும் பெயிலா?"

"ஆமா அத்த."

"ராவு காலத்துல ஆரம்பிச்சா அப்படித்தான்."

"ஒம்போது மணிக்கு அப்பறம்தான அத்த..." என்று ஆரம்பித்தேன். வாய் தானாகச் சொன்னது.

அத்தை ஒரு ஈர்க்கை உருவினார். இலைகள் முறத்தில் விழுந்தன.

"நான் பால் வாங்கப் போனப்ப டீக்கடையில கூட்டமா குந்திக்கினு இருந்தாங்க. 'இன்னாப்பா, மறியலு மறியலுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு டீ குடிச்சிக்கினு இருக்கீங்க'ன்னேன். 'ராவு காலம் போவட்டும் பெரியம்மா, ஒம்போதுக்கு மேல குந்தறோம்'னாங்க. நல்ல புள்ளைங்கன்னு நெனச்சிக்கினு வூட்டுக்கு வந்தா, இங்க மணி ஒம்போது அஞ்சு. அவங்க ரோட்டுல குந்தனது எப்ப? நீ பொட்டிய தொறந்து எம்மா நேரம் கழிச்சி? ஒரு ஊருக்கு ராவு காலம் ரெண்டு தபாவா வரும்?"

எனக்குக் காது சூடானது.

"அப்பவே தெரியுமா அத்த?"

"தெரியாம? சொம்புல பால் நொர அடங்கல. ஒன்றர மணி நேரம் ஆச்சாம்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நீ மட்டும் கேட்டுடுவியா? செரி, பொட்டிக்குத் தனி ராவு காலம் போலன்னு வுட்டுட்டேன்."

அவமானத்தில் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். பொட்டிக்குத் தனி ராகு காலம் என்ற வார்த்தை மட்டும் எங்கோ போய் இடித்தது. வாயை மூடிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

கம்பைல் செய்யும் கருவி ஒரு சிக்கனக்காரி. ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்யாது. மூல நிரலை எழுதிய நேரத்தையும், அதிலிருந்து செய்து வைத்த ஃபைலின் நேரத்தையும் ஒப்பிடும். அரிசி ஊற வைத்தது மாவு அரைத்ததற்குப் பிறகு என்றால்தான் மறுபடி அரைக்கும். இல்லாவிட்டால் இருக்கிற மாவே போதும் என்று விட்டுவிடும். என் ஃபைல்களின் நேரத்தைப் பார்த்தேன். நான் வரியைத் திருத்தியது காலை எட்டு முப்பத்தொன்று. அதற்கு முன்பே செய்து வைத்திருந்த பழைய ஃபைலின் நேரம் ஒன்பது இருபது. ஏனென்றால் அதைச் செய்தபோது என் லேப்டாப் பொய் மணியில் இருந்தது. கருவி பார்த்தது: மாவு ஒன்பது இருபதுக்கு, அரிசி எட்டு முப்பத்தொன்றுக்கு. அரைக்க வேண்டியதில்லை. நான் திருத்திய வரி மென்பொருளுக்குள் போகவே இல்லை. காலையிலிருந்து நான் திருத்தாத மென்பொருளைத்தான் விதவிதமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

சேமித்து வைத்த பதிவில் மேலே போய்த் தேடினேன். எட்டரை மணி ஓட்டத்தில், டெஸ்ட் முடிவுகளுக்கு மேலே, எச்சரிக்கை ஒன்று இருந்தது. கடிகாரத்தில் கோளாறு தெரிகிறது, கம்பைல் செய்தது முழுமையாக இல்லாமல் போகலாம் என்று. அது எச்சரித்த நேரத்தில் நான் மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு மேல் அதுவும் எச்சரிப்பதை நிறுத்திவிட்டது, பொய் மணியை உண்மை மணி தாண்டிப் போய்விட்டதால்.

ஆக, நான் பொய் சொன்னதில் பிழை வரவில்லை. நாள் முழுக்க ஒன்றரை மணி நேரம் முந்தியே இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். பாதியில் திருந்தியதுதான் பிழை. இதில் என்ன நீதி இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பாப்பா வளர்ந்து கேட்டால் சொல்லாமல் இருப்பதே நல்லது.

"கண்டுபுடிச்சிட்டேன் அத்த. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து செய்யணும்."

"மணி இன்னா? நெஜ மணி."

"ரெண்டு அம்பது."

"மூணு வரைக்கும் குளிகை. குளிகையில செய்யறது திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்றரையிலேர்ந்து எத்தினி தபா ஓட்டின?"

"ஏழு."

"ஏழும் ஒரே மாதிரி பெயிலா?"

லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தேன்.

இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் இன்ஜினீயரிங் படித்தவள். தோற்றதற்கான காரணம் கைக்குக் கிடைத்துவிட்டது, அறிக்கை அனுப்ப இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. நான் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை, கட்டிக்கொண்டு என்பதும் உண்மையில்லை. முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தேன். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். மூன்று ஆனதும் அத்தை முறத்தை நகர்த்தினார்.

"இப்ப ஆரம்பி."

பழையதை எல்லாம் துடைத்து, மூன்று மணிக்குக் கம்பைல் தொடங்கினேன். மூன்றரைக்கு முடிந்தது. டெஸ்ட் ஓடும்போது அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு வரியாகத் தேறியது என்று வந்துகொண்டிருந்தது. "இன்னும் எத்தினி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் அதே கேள்விதான். கடைசியில், எல்லாம் தேறின என்று வந்தது. நான் நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். அப்போதும் தேறியது.

அறிக்கையில் 'தோல்விக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. கணினியின் கடிகாரம் எண்பத்தைந்து நிமிடம் முன்னோக்கி நகர்த்தப்பட்டு, பிறகு பின்னோக்கி நகர்த்தப்பட்டதால், என்று எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை. நாலே காலுக்கு அனுப்பினேன். நாலரைக்கு லீட் போன் செய்தார். மாடிக்கு ஓடினேன்.

"அறிக்கை நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. லேப்டாப்புல கடிகாரம் எப்படி எண்பத்தஞ்சு நிமிஷம் நகரும்?"

கரண்ட் போய் வந்தது என்று சொல்லலாம். மறியலின் மேல் போடலாம், அவர்கள் ஏற்கெனவே பாதி போட்டுவிட்டார்கள். நாக்கு நுனி வரை வந்தது. பிறகு, இன்றைக்கு இதற்கு மேல் எதையும் முன்னே பின்னே நகர்த்த எனக்குத் தெம்பில்லை என்று தோன்றியது.

"நான்தான் சார் நகர்த்தினேன். வீட்ல... காலைல ஒரு ஏழரை, ஏழே முக்கால் இருக்கும்..."

முடிக்க முடியவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"திங்கக்கிழமை" என்றார். "ஒன்பதுக்குத்தான் முடியும்."

"ஆமா சார்."

"அதுக்குத்தாங்க நான் திங்கள் மீட்டிங்க ஒன்பதரைக்கு வச்சது." தொண்டையைச் செருமினார். "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. அடுத்த திருத்தம் ஒண்ணு இருக்கு, அனுப்பறேன். புதன்கிழமை ஆரம்பிங்க. பன்னண்டு டு ஒன்றரை மட்டும் வேண்டாம்."

இறங்கி வந்தபோது, கரும்பு லோடுகளின் பின்னாலேயே ஊர்ந்து அப்போதுதான் வந்து சேர்ந்த கணவர் தோளில் இரண்டு கரும்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாப்பா எழுந்து அத்தையின் இடுப்பில் இருந்தாள்.

"வேல இன்னா ஆச்சி?" என்றார் கணவர்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை.

"பாஸ் ஆயிட்டா" என்றார். "நேரம் நல்லா இருந்துச்சி."

சொல்லிவிட்டு, டிவி ரிமோட்டைத் திறந்து பேட்டரியை எடுத்து, சுவர்க் கடிகாரத்தில் போடச் சொல்லி மகனிடம் கொடுத்தார்.